முழங்காற் குருத்தெலும்பும் அயல்நாட்டுச் சிகிச்சையும்

நாள்தோறும் காலையிற் கல்லூரிச் சிற்றாலயத்தில் முழங்காற்படியிட்டு எழும் நமக்கு, முழங்கால் என்றோர் உறுப்பு உண்டென்பதே நினைவில் எழுவதில்லை. நோயற்ற உறுப்பின் இயல்பு அது. அவ்வுறுப்பு நொந்தவிடத்தோ, வேறொன்றும் நினைவில் நில்லாது. நடத்தல், படியேறுதல், நிலத்தில் அமர்ந்து உண்ணுதல், கூலி வேலைக்குச் செல்லுதல் ஆகிய யாவும் அவ்வொரு கீலைப் பற்றியே நிற்பதை அன்றே உணர்கின்றோம். அங்ஙனம் உணர்ந்த ஒரு குடும்பத்தினர், இருந்த சிறு நிலத்தையும் விற்றுக் கடல்கடந்து செல்லத் துணிந்ததைச் சென்ற விடுமுறையில் எமது ஊராகிய வடக்குத்தில் யாம் கண்டோம். அந்நிகழ்ச்சியே இவ்வியாசத்திற்குக் காரணமாயிற்று. அயல்நாடு சென்று சிகிச்சை பெறுதல் தகாது என வாதிப்பது எம் கருத்தன்று. இன்ன நோய், இன்ன சிகிச்சை என்பதை அறியாது செல்லுதல் தகாது என்பதும், அவ்வறியாமைக்குக் கற்றோராகிய நாமும் ஒருவாற்றாற் பொறுப்பாளிகள் என்பதுமே யாம் சொல்லப் புகுந்தவை.

வடக்குத்து என்பது, நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நகரத்தை ஒட்டி, சென்னையினின்று கும்பகோணம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர். 1956-ஆம் ஆண்டில் நிலக்கரி நிறுவனம் தோன்றுமுன் இப்பகுதி முந்திரியும் பலாவும் செழித்த செம்மண் காடாயிருந்தது. இன்றும் சுரங்கத்து வேலையும் முந்திரித் தோப்புமே இங்குள்ளார் பலருக்குச் சோறு இடுகின்றன. மாலையிற் பொழுதுபோக்கு யாதெனின், இளைஞர்க்குக் கபடியே. எம் தெருவில் வாழும் கபடி வீரர் ஒருவர், சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாயிருப்பவர், ஈராண்டுகட்கு முன் ஆட்டத்திடையே கால் திருகி வீழ்ந்தார். முழங்கால் வீங்கிற்று, சில வாரங்களில் வீக்கம் வடிந்தது, ஆயினும் நடக்குங்கால் கால் திடீரென நழுவுவதும், படியிறங்குங்கால் நோவதும் நின்றபாடில்லை. படம் எடுத்துப் பார்த்த இடத்தில், ஜவ்வு தேய்ந்துவிட்டது என்று ஒரே சொல்லிற் கூறி அனுப்பிவிட்டனர்.

பின்னர் ஒரு தரகர் வந்தார். அயல்நாடொன்றில் ஸ்டெம் செல் என்னும் மூல உயிரணுக்களை ஊசியால் ஏற்றித் தேய்ந்த ஜவ்வை வளர்த்துவிடுவார்கள் என்றும், கத்தியே படாது என்றும், இருபதே நாளில் மீண்டும் களத்தில் இறங்கலாம் என்றும் உறுதி கூறினார். முன்பணத்திற்காக முந்திரித் தோப்பிற்கு விலையும் பேசப்பட்டது. அந்நிலையில் அவ்வீரருடைய தாயார் ஆங்கிலத்தில் அச்சிட்ட சோதனை அறிக்கையை எம்மிடம் கொணர்ந்து, “தம்பி, நீ காலேஜிலே படிக்கிற பிள்ளை; இதிலே என்னதான் எழுதியிருக்கிறது, சொல்லப்பா,” என்றார். எழுத்துக்களை வாசித்தோம், பொருள் விளங்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் கல்வி பயின்றும், ஒரு தாய்க்கு அவருடைய மகனின் காலைப் பற்றிய நான்கு வரிகளைத் தமிழிற் சொல்ல இயலாது நின்றோம். அன்று எமக்குண்டான நாணம் இன்னும் தீரவில்லை.

மறுவாரம் அவ்வறிக்கையை எடுத்துக்கொண்டு, அரசு மருத்துவமனை ஒன்றிலுள்ள எலும்பியல் மருத்துவரிடம் அவருடன் சென்றோம். அம்மருத்துவர் அவர் காலை அசைத்துப் பார்த்தபின், மருந்துச் சீட்டின் பின்புறத்தில் ஒரு படம் வரைந்து கால்மணி நேரம் விளக்கினார். அவர் கூறியதன் சாரம் இது: நம் மக்கள் ஜவ்வு என்னும் ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு பொருள்களைக் குறிக்கின்றனர். தொடையெலும்பையும் கணைக்காலெலும்பையும் கயிறுபோற் பிணைப்பவை பந்தகங்கள். அவ்விரண்டு எலும்புகட்கும் இடையிற் பிறை வடிவாய் மெத்தைபோல் இருப்பவை பிறைக்குருத்துகள். எலும்புகளின் முனைகளை வழுவழுப்பாகப் போர்த்திருப்பதோ மூட்டுக் குருத்தெலும்பு. எம் வீரருக்கு உண்மையில் அறுந்திருந்தது முன்புறக் குறுக்குப் பந்தகம். குருத்தெலும்பிற் சிறியதோர் இடத்திற் சேதம் இருந்தது. ஆயினும் பந்தகத்தைச் சீர்செய்யாமற் குருத்தெலும்பிற்கு மட்டும் எத்துணைப் பொருள் செலவிடினும், ஆடும் கீலில் அது மீண்டும் உராய்ந்து கெடும். ஊசி ஏற்றினால் அறுந்த பந்தகம் ஒட்டிக்கொள்ளாது. தரகர் சொன்ன சிகிச்சை, அவருக்கிருந்த நோய்க்கு ஏற்றதே அன்று!

ஒரு சொல்லின் மயக்கத்தால் ஒரு தோப்பு கைமாற இருந்தது என்பதை அன்பர்கள் கருதுக. சொற்பொருள் ஆராய்ச்சி புலவர்தம் பொழுதுபோக்கு என்று நகுவார்க்கு இதனினும் மேலான விடை யாம் அறியோம்.

இனி, குருத்தெலும்பின் இயல்பைச் சிறிது காண்போம். எலும்பு முறிந்தாற் கூடுகின்றது. தோல் கிழிந்தால் மூடுகின்றது. மூட்டுக் குருத்தெலும்போ அங்ஙனம் எளிதில் ஆறுவதில்லை. காரணம் யாதெனின், அதனுள் இரத்தக் குழாய்கள் இல்லை, நரம்புகளும் இல்லை. மூட்டினுள் ஊறும் நீர்மமே அதற்கு உணவூட்டுவது. முழங்காலில் அதன் தடிப்பு சில மில்லிமீட்டரே. அதன் எடையிற் பெரும்பங்கு நீர். உயிரணுக்களோ அங்கொன்றும் இங்கொன்றுமாய்ச் சிதறியிருப்பன. கெட்ட குருத்தெலும்பு மீள்வதில்லை என்பதை வில்லியம் ஹன்டர் என்னும் மருத்துவர் 1743-ஆம் ஆண்டிலேயே இலண்டன் இராயல் சங்கத்தாரின் ஏட்டில் எழுதினார். இருநூற்றாண்டுகட்கு மேலாக அம்முடிபே நிலைத்திருந்தது.

அதனை வெல்லக் கண்ட வழிகள் மூன்று. சேதமுற்ற இடத்தின் அடியிலுள்ள எலும்பில் நுண்ணிய துளைகள் இட்டு, எலும்பு மச்சையினின்று இரத்தமும் உயிரணுக்களும் ஊறச் செய்வது ஒன்று. மைக்ரோபிராக்சர் எனப்படும் இதனை அமெரிக்க நாட்டு ஸ்டெட்மன் என்பவர் பரப்பினார். இதனால் வளர்வது நார்த்தன்மை மிக்க குருத்தாகும். இயற்கையான குருத்தெலும்பின் உறுதி அதற்கில்லை. பாரம் மிகுதியாகத் தாங்காத இடத்தினின்று எலும்போடு கூடிய குருத்தெலும்பைச் சிறு உருளைகளாக எடுத்துச் சேதமுற்ற இடத்திற் பதிப்பது மற்றொன்று. மொசைக்பிளாஸ்டி எனப்படும் இதனை ஹங்கேரி நாட்டு ஹங்கோடி என்பவர் வளர்த்தார். நோயாளியின் குருத்தெலும்பிற் சிறிதளவு எடுத்து, அதிலுள்ள உயிரணுக்களை ஆய்வுக்கூடத்திற் பெருக்கி, சில வாரங்கள் கழித்து மீண்டும் முழங்காலிற் பதிப்பது மூன்றாவது. சுவீடன் நாட்டுக் கோத்தன்பர்க் நகரில் 1987-ஆம் ஆண்டில் இது முதன்முதல் மனிதரிடத்திற் செய்யப்பெற்றது. பிரிட்பெர்க், பீட்டர்சன் முதலியோர் 23 நோயாளிகளிடத்துக் கண்ட பயனை 1994-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இவை வியத்தற்குரியனவே. ஆயினும் எல்லா முழங்கால்கட்கும் உரியன அல்ல. முதுமையால் மூட்டு முழுவதும் தேய்ந்தார்க்கு இம்மூன்றும் பெரும்பாலும் பயன்படா. அன்னார்க்கு உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, வலி தணிக்கும் மருந்து, இவற்றாலும் ஆகாதவிடத்து மூட்டு மாற்று அறுவை என்பவையே வழி. இளமையிலோ நடுவயதிலோ ஒரு குறித்த இடத்தில் மட்டும் சேதமுற்றவர்க்கே குருத்தெலும்புச் சீரமைப்பு ஏற்புடைத்து. உயிரணு வளர்ப்புச் சிகிச்சையை 2017-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட இங்கிலாந்தின் நைஸ் என்னும் அமைப்பும், சேதம் 2 சதுர சென்டிமீட்டருக்கு மேற்பட்டதாய் இருத்தல் வேண்டும், மூட்டுத் தேய்வு மிகக் குறைவாய் இருத்தல் வேண்டும், முன்னர்க் குருத்தெலும்புச் சீரமைப்பு அறுவை செய்திருத்தல் ஆகாது, தேர்ந்த மருத்துவ நிலையத்திலேயே செய்தல் வேண்டும் என வரையறைகள் வகுத்தது. செல்வம் மிக்க நாட்டின் அரசே இத்துணை வரையறை செய்யுமாயின், தோப்பு விற்றுச் செல்பவன் எத்துணை ஆராய வேண்டும்?

அற்றேல், அயல்நாடு செல்வார் யாவரும் அறிவிலரோ? அல்லர். கொரிய நாடு 2012-இலும், அமெரிக்க நாடு 2016-இலும் தத்தம் முறையில் ஆராய்ந்து அனுமதித்த உயிரணுச் சிகிச்சைகள் உண்டு; இந்நாட்டிற் கிட்டாத ஒன்றைத் தக்க மருத்துவரின் சொற்கேட்டு நாடிச் செல்வாரை யாம் குறைகூறோம். வேதாகமத்திலும் நோய் தீரும்பொருட்டு நாடுகடந்தவன் கதை உண்டன்றோ? சீரியாவின் படைத்தலைவன் நாகமான், ஓர் அடிமைச் சிறுமியின் சொல்லை நம்பி, வெள்ளியும் பொன்னும் சுமந்து இஸ்ரவேலுக்குச் சென்றான். அச்சிறுமிக்கு அதனால் ஊதியம் யாதுமில்லை. ஆகலின் அவள் சொல் மெய்யாயிற்று. எலிசாவும் அவன் காணிக்கையை ஏற்றிலர். ஆனால் பின்னே ஓடிப் பொய் கூறி வெள்ளி பெற்றவன் கேயாசி. நோயாளியை வழிகாட்டி அனுப்புவோன் அச்சிறுமியைப் போன்றவனா, கேயாசியைப் போன்றவனா என்பதே முதற்கண் தெளியத்தக்கது. அனுப்பும் ஒவ்வொருவர்க்கும் தரகு பெறுவோன் வாயினின்று, உனக்கு இச்சிகிச்சை வேண்டா என்னும் சொல் பிறத்தல் அரிது.

மூல உயிரணு ஊசியைப் பற்றி ஒன்று கூறுதல் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, இரத்த நோய்கள் முதலிய சிலவற்றிற்குச் செய்யும் இரத்த மூல உயிரணு மாற்றமே நிறுவப்பெற்ற சிகிச்சை. பிற நோய்கட்கு இவ்வுயிரணுக்களைப் பயன்படுத்துவது முறைப்படி அமைந்த ஆராய்ச்சிக்கு உட்பட்டதாகவே இருத்தல் வேண்டும். ஆராய்ச்சியிற் பங்குகொள்வோனிடம் மருந்தின் விலையை வாங்குதல் முறையன்று. ஆகவே, இது புதிய ஆராய்ச்சி என்று ஒரு வாயாற் சொல்லி, இத்தனை இலட்சம் கொணர்க என்று மறுவாயாற் சொல்பவரிடம் ஐயுறவு கொள்ளுதல் அறிவுடைமை. நோயாளியின் சொந்தக் குருத்தணுக்களை வளர்த்துப் பதிக்கும் சிகிச்சைப் பொருளொன்றிற்கு நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியே 2017-ஆம் ஆண்டில் அனுமதி அளித்துள்ளமையும் ஈண்டு அறியத்தக்கது.

மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தவர் திருவள்ளுவர்: நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன். அயல்நாட்டுச் சிகிச்சைக்குக் கணக்குப் பார்ப்போர் நடுவிலுள்ள இரண்டையே பார்க்கின்றனர். அங்குள்ள மருத்துவர் சிறந்தவர், அங்குள்ள மருந்து புதியது என்பர். நான்காம் கூற்றை மறக்கின்றனர். குருத்தெலும்புச் சிகிச்சையில் அந்நான்காம் கூறு பாதிக்கு மேற்பட்டது. அறுவைக்குப் பின் பல வாரங்கள் ஊன்றுகோல் வேண்டும். கால் ஊன்றும் பாரத்தைச் சிறிது சிறிதாகவே கூட்டுதல் வேண்டும். முழங்காலை மடக்கி நீட்டும் பயிற்சியை இயன்முறை மருத்துவர் நாள்தோறும் கண்காணித்தல் வேண்டும். விளையாட்டுக் களத்திற்குத் திரும்ப ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும். உயிரணு வளர்ப்பு முறையிலோ அறுவை இரண்டு. இடையே சில வாரங்கள். ஆகவே பயணம் இருமுறை, அன்றேல் நெடுநாள் தங்கல். காலில் அறுவை செய்துகொண்டவர் உடனே நெடுநேரம் விமானத்தில் அமர்ந்து வருதலாற் காலின் நாளங்களில் இரத்தம் உறையும் அபாயமும் உண்டு. ஊர் திரும்பியபின் புண்ணிற் சீழ் வைத்தால், அறுவை செய்த மருத்துவர் கடலுக்கு அப்பால் இருப்பார். இங்குள்ள மருத்துவரோ உள்ளே செய்யப்பட்டது யாதென அறியார். கோபுரம் கட்டத் தொடங்குமுன் அமர்ந்து செலவு கணக்கிடாதவனைப் பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமை இதற்கும் பொருந்துவதாம்.

எனவே, செல்ல விரும்புவோர் ஐந்து வினாக்கட்கு எழுத்தில் விடை பெறுக என்போம். எனக்குக் கெட்டிருப்பது பந்தகமா, பிறைக்குருத்தா, மூட்டுக் குருத்தெலும்பா, சேதத்தின் பரப்பு எவ்வளவு? செய்யப்போகும் சிகிச்சையின் பெயர் யாது, அந்நாட்டு அரசு அதனைச் சிகிச்சையாக அனுமதித்துள்ளதா, ஆராய்ச்சியாக மட்டுமா? அதனையே நம் நாட்டிற் செய்ய இயலாதா? அறுவை எத்தனை, தங்கவேண்டிய நாள் எத்தனை? திரும்பிய பின் பயிற்சி அளிப்பவர் யார், கேடு நேரின் பொறுப்பவர் யார்? இவற்றிற்கு விடை கூற மறுப்பவரிடம் முன்பணம் கொடாதிருத்தலே நன்று. தரகரைச் சாராத வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெறுதலும் இன்றியமையாதது. தமிழ்நாட்டு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் தமக்குரிய சிகிச்சை அடங்குமா என்பதை மருத்துவமனைகளில் உள்ள காப்பீட்டு அலுவலரிடம் கேட்டறிதலும் வேண்டும். வடக்குத்தார்க்கு நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் பொது மருத்துவமனையும், புதுச்சேரி ஜிப்மரும், சிதம்பரத்திற் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் அண்மையிலேயே உள்ளன. இவற்றின் வாயிலிற் காத்திருக்கும் நேரம் நெடிது என்பது மெய்யே. அக்காத்திருப்பின் அயர்ச்சியே தரகனுக்கு வாய்ப்பாகின்றது என்பதையும் யாம் மறுக்கவில்லை. அதனை ஆள்வோரும் மருத்துவமனை நடத்துவோரும் உணர்தல் வேண்டும்.

இங்கு இல்லாமையால் அங்கே செல்கின்றோம் என்பார்க்கு, இங்கே உண்டாக்கியவர்களை நினைவூட்டுவோம். அமெரிக்கா சென்று இருதயச் சிகிச்சை பெறப் பொருளின்றி ஓர் இளைஞர் 1979-ஆம் ஆண்டில் இறந்த துயரமே டாக்டர் பிரதாப் ரெட்டியவர்கள் சென்னையில் 1983-ஆம் ஆண்டில் அப்போலோ மருத்துவமனையைத் தொடங்கக் காரணமாயிற்று என்பர். இன்று பிறநாட்டு நோயாளிகள் சென்னையை நாடி வருகின்றனர். வேலூரை நோக்குவோம். 1946-ஆம் ஆண்டில் அங்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயால் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவையை வகுத்தார். 1966-ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று, வேலூரிற் கற்றதை அந்நாட்டார்க்குப் பயன்படுத்தினார். அவருடைய மாணாக்கியார் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ஆம் ஆண்டில் வண்டி விபத்தில் இடுப்பிற்குக் கீழ் உணர்விழந்தார். ஆஸ்திரேலியாவிற்கும் அமெரிக்காவிற்கும் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். ஆயின் அவர் அங்கே தங்கிவிட்டாரல்லர். திரும்பிவந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, அத்துறையை வேலூரில் நிறுவினார்; 1966-ஆம் ஆண்டில் மறுவாழ்வு நிலையமும் எழுந்தது. ஒருவர் அயல்நாடு சென்றார். பல்லாயிரவர் செல்லவேண்டாமல் ஆயிற்று. யாம் போற்றும் அயல்நாட்டுப் பயணம் இத்தகையது.

தமிழ் பயிலும் எம்மனோர்க்கு இதில் யாது பணி என்று கேட்பார்க்கும் விடை உண்டு. 1847-ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனைச் சார்ந்து யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்து மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலிய நூல்களைத் தமிழில் ஆக்கி வெளியிட்டார். அறுபதின்மர்க்கு மேற்பட்ட மருத்துவரைப் பயிற்றினார். பிறமொழியாளர் ஒருவர், நோயாளி தன் நோயைத் தன் மொழியில் அறிதல் வேண்டும் எனக் கருதி வாழ்நாளைச் செலவிட்டார். அவர் இரண வைத்தியத்தைத் தமிழில் தந்து நூற்றைம்பது ஆண்டுகட்கு மேலாகியும், ஒரு தாயின் கையில் இருக்கும் அறிக்கை ஆங்கிலத்திலேயே இருக்கின்றது. கலைச்சொற்கள் இல்லாமலில்லை; அகராதிகளில் உறங்குகின்றன. மருத்துவர்க்கு நேரமில்லை, மக்களுக்கு எழுத்தில்லை, இடையில் நிற்கவேண்டிய நாமோ பழம்பெருமை பேசிப் பொழுது கழிக்கின்றோம்.

ஆதலின் இம்மலரின் வாயிலாக ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். தமிழ்த் துறை மாணவரும் உயிரியல் துறை மாணவரும் கூடி, மூட்டு நோய்களையும் அவற்றிற்குரிய சோதனை அறிக்கைகளிற் பயிலும் சொற்களையும் விளக்கும் சிறு துண்டுநூல் ஒன்றை எளிய தமிழில் ஆக்குவோமாக. உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் மருத்துவராயிருக்கும் நம் பழைய மாணவர்கள் அதனைப் பார்வையிட்டுத் திருத்தித் தருவார்களாக. விடுமுறையில் ஊர் செல்லும் ஒவ்வொருவரும் பத்துப் பிரதிகள் கொண்டுசெல்வோமாக. பெருஞ்செலவு அதற்கில்லை.

எம் ஊர்க் கபடி வீரர் இப்பொழுது தொடைத் தசைகளுக்கு உரம் ஊட்டும் பயிற்சியை நாள்தோறும் செய்துவருகின்றார். பந்தக அறுவைக்கு நாள் குறிக்கப்பெற்றுள்ளது; குருத்தெலும்பின் சேதத்தை அப்பொழுதே நேரிற் கண்டு ஆவன செய்வதாக மருத்துவர் கூறியுள்ளார். அவர் மீண்டும் களத்தில் இறங்குவாரா என்பதற்கு மருத்துவர் உறுதி கூறவில்லை. உறுதி கூறாமையினாலேயே அவர்மேல் அத்தாயார்க்கு நம்பிக்கை பிறந்தது. தோப்பு விற்கப்படவில்லை. இவ்வாண்டு அதில் முந்திரி பூத்திருக்கின்றது என்று அவர் எமக்குச் சொல்லியனுப்பினார்.